தாமதத்துக்கு என்ன விலை?

சிங்கப்பூரில் ஆங் மோ கியோ என்றொரு நகரம் உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. பால் வெட்டிய மண் அது. 1973இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே புதிய நகரை எழுப்பத் தொடங்கியது. 1987 நவம்பர் 7ஆம் நாள், அந்நாட்டின் முதல் பெருவிரைவு ரயில் அவ்வூர் வழியாக ஓடிற்று. இயோ சூ காங் முதல் தோ பாயோ வரை ஐந்து நிலையங்கள், 6 கிலோமீட்டர், அவ்வளவே.

ரயில் பெட்டிகள் ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தவை. 1984இல், காவசாக்கி நிறுவனம் தலைமையேற்ற குழுவுக்கு 396 பெட்டிகள் செய்யும் ஒப்பந்தம் கிடைத்தது. தண்டவாளம் போடுபவர் ஒருவர், மின்சாரம் கொடுப்பவர் ஒருவர், பெட்டி செய்பவர் இன்னொருவர். ஒருவர் பிந்தினால் மற்றவர் வேலையை முடித்தும் வண்டி ஓடாது. ஆதலால், இத்தகைய பெரிய இயந்திரங்களை வாங்கும் ஒப்பந்தங்களில் விலையோடு ஒப்படைக்கும் நாளையும் எழுதுவது வழக்கம். பிந்தினால் வாரத்துக்கு இவ்வளவு கழிவு என்றும் எழுதுவார்கள்.

பெரட்டுக்குப் பிந்தினால் அரைப் பேர் என்பது நமக்குத் தெரிந்ததுதான். அதை விதித்தவர் துரை. நம்மிடம் யாரும் கேட்கவில்லை. இயந்திர ஒப்பந்தத்திலோ இரு தரப்பாரும் முன்னதாகவே பேசிக் கையெழுத்திடுகிறார்கள். அப்படியும் வழக்கு வராமலில்லை.

1896இல் ஸ்பெயின் அரசு, ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்க் நிறுவனத்திடம் நான்கு சிறு போர்க்கப்பல்களுக்குச் சொல்லி வைத்தது. பிந்தினால் கப்பல் ஒன்றுக்கு வாரம் 500 பவுன். கப்பல்கள் பல மாதம் பிந்தின. ஸ்பெயின் பணம் கேட்டது. நிறுவனம் சொன்ன சாக்குகளைக் கேளுங்கள்: போர்க்கப்பல் லாபம் ஈட்டும் பொருளன்று, ஆகவே நஷ்டமே இல்லை, நேரத்துக்குக் கொடுத்திருந்தால் 1898ஆம் ஆண்டு அமெரிக்கப் போரில் அவையும் அழிந்திருக்கும்! துணிச்சலான வாதம்தான். பிரித்தானியப் பிரபுக்கள் சபை 1904இல் அதை ஏற்கவில்லை. நஷ்டத்தைக் கணக்கிடுவது கடினம் என்பதால்தானே முன்கூட்டியே தொகை பேசினீர்கள் என்றது. ஒப்பந்தத்தில் 'தண்டம்' என்ற சொல் இருந்தும், தொகை நியாயமானது என்பதால் அது செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

1914இல் டன்லப் டயர் வழக்கில் அந்த விதி இன்னும் தெளிவாயிற்று. வரக்கூடிய நஷ்டத்தின் நேர்மையான மதிப்பீடானால் தொகை செல்லும். வெறுமனே மிரட்டுவதற்காக எழுதியதானால் செல்லாது. இங்கிலாந்து 2015இல் அவ்விதியை மாற்றிக்கொண்டது. சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, 2020இல் ஒரு மின்சார ஒப்பந்த வழக்கில், பழைய டயர் வழக்கின் விதியே போதும் என்றது. ரப்பர் மரத்தோடு உறவுள்ள நமக்கு இது கேட்க இனிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வாங்குபவரே இயந்திரம் நிறுத்த இடம் கொடுக்காமல் தாமதித்தால், அந்த நாள்களுக்கு விற்பவரிடம் கழிவு கேட்க முடியாது. அவருக்குக் கூடுதல் நாள் கொடுக்க வேண்டும். தோட்டத்து லாரி பிந்தி வந்த காலைகளில் பெரட்டில் இந்த விதியை எவரும் வாசித்ததாக நாம் கேட்டதில்லை.