எட்டு கிராம் கணக்கு

ஏழையின் ரத்தத்தின் மேல் இந்த நகரத்துக்கு எப்போதெல்லாம் அக்கறை வந்திருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1986 தொடக்கத்தில் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா அரசுக் காப்பகத்தில் அடைபட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் எடுத்தார். எச்.ஐ.வி. சோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லப்படவில்லை. மாதிரிகள் ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குப் போயின. ஆறு பேருக்குத் தொற்று. இந்தியாவில் இந்நோய் இருப்பதை அவர்கள் ரத்தம்தான் சொல்லிக் கொடுத்தது. பதிலுக்கு என்ன கிடைத்தது? பூட்டுதான். தொற்று கண்ட பெண்களை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். ஷியாமளா நடராஜ் தொடுத்த வழக்கில் 1990இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே கதவு திறந்தது.

அடுத்த அக்கறை ரத்த வங்கிகளுடையது. காசுக்கு ரத்தம் விற்றவன் யார்? ரிக்‌ஷா இழுத்தவன், மூட்டை தூக்கியவன், அன்றைக்கு வேலை கிடைக்காதவன். 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 1998 ஜனவரியில்தான் அந்த வியாபாரத்துக்குத் தடை வந்தது. அதுவரைக்கும் ரத்தம் கெடைச்சுதான்னு பார்த்தாங்களே தவிர, குடுத்த ஆளு எழுந்து நடந்தானான்னு எவனும் பார்க்கல.

இனி மருந்துக்கு வருவோம். ஜிடோவுடின் 1964இல் புற்றுநோய்க்கென்று செய்யப்பட்டு, பலிக்காமல் கிடப்பில் போடப்பட்டது. 1987 மார்ச்சில் எய்ட்ஸுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்த முதல் மருந்தும் அதுதான். அதற்கான சோதனையிலேயே, மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கு ஹீமோகுளோபின் 7.5 கிராமுக்குக் கீழே இறங்கியது. 21 பேருக்குத் திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அன்றைய அளவு மிக அதிகம். பிறகு அதை நாளைக்கு 600 மில்லிகிராம் வரை குறைத்தார்கள். ஆபத்து குறைந்தது, போய்விடவில்லை.

இந்தச் சோகை கீரையால் தீராது. ரத்தம் ஊறும் இடம் எலும்பு மஜ்ஜை. வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் மருந்து, மஜ்ஜையில் அணுக்கள் பிறப்பதையும் மந்தமாக்கிவிடுகிறது. இரும்புச் சத்து இருந்தாலும் அதை வைத்து அணு செய்ய ஆளில்லை. "ரத்தம் கம்மியா இருக்கும்மா, முருங்கைக் கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு" என்று சொல்லி அனுப்புவது வீண் வேலை. மருந்தை மாற்ற வேண்டும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் இது தெரிந்துவிடும், சோதித்தால்.

2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. மாத்திரை கொடுத்தது. சும்மா வந்ததல்ல, நோயாளிகள் அமைப்பாகிக் கேட்டு வந்தது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அங்கே ஒரு கோடு இருந்தது: ஹீமோகுளோபின் 8 கிராமுக்கு மேலிருந்தால் ஜிடோவுடின், கீழே இருந்தால் ஸ்டாவுடின்.

மருத்துவக் கணக்காகப் பார்த்தால் சரிதான். ஆனால் எட்டுக்குக் கீழே நிற்பது யார்? யானைக்கவுனி பழைய கறுப்பர் நகரத்து மதிலின் ஒரு வாசல். மதிலுக்காகக் கும்பினி வரி போடப் பார்த்தது. வரி வசூலாகவில்லை, வால்டாக்ஸ் ரோடு என்ற பேர் மட்டும் நின்றது. மதிலும் போச்சு. கடைக்குள் கல்லாவில் உட்காருபவன் யார், வாசலில் மூட்டை இறக்குபவன் யார், விடியுமுன் அந்தத் தெருவைக் கூட்டுபவள் யார் என்ற மதில் மட்டும் போகவில்லை. 2019-21 குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை. கடைசியாகச் சோறு போட்டுக்கொள்பவள் அந்த 53இல்தான் இருப்பாள். புருஷனிடமிருந்து தொற்று வாங்கியவள் எட்டுக்கு மேலே நின்றால், மருந்து இருக்கிற ரத்தத்தையும் இறக்கும். இறங்கினால் ரத்தம் ஏற்ற ஆள் கூட்டி வரச் சொல்வார்கள். "எதுக்கு ரத்தம்?" என்று தம்பி கேட்டால் என்ன சொல்வாள்?

எட்டுக்குக் கீழே நின்றவளுக்குக் கிடைத்த ஸ்டாவுடின் ரத்தத்தைக் காப்பாற்றியது. ஆனால் நாள்பட உண்டவர்களில் பலருக்குக் கன்னம் ஒட்டியது, கை கால் சூம்பியது, பாதம் எரிந்தது. பாதம் எரிந்தால் மூட்டை தூக்க முடியுமா? அட்டையை ஒளித்து வைக்கலாம், மூஞ்சியை எங்கே ஒளிப்பது? பணக்கார நாடுகள் அதை முன்பே கைவிட்டிருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2009இல்தான் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. அதுவரை உயிரைக் காப்பாற்றியதும் அந்த மாத்திரைதான் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. மலிவாக இருந்ததால்தான் கிடைத்தது என்பதையும்.

அப்புறம் டெனோபோவிர் வந்தது, 2020க்குப் பின் டோலுடெகிராவிர் சேர்ந்தது. புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் இந்தச் சோகைப் பிரச்சனை இல்லை. மருந்து மாற்ற வேண்டிய சிலருக்கு ஜிடோவுடின் இன்றும் கொடுக்கப்படுகிறது. அவர்கள் முதல் மூன்று மாதமும் ரத்தச் சோதனைக்குத் தவறாமல் போக வேண்டும். போகும் நாளுக்குக் கூலி கிடையாது.