குழந்தையின் பரீட்சையும் பள்ளியின் மான்யமும்

குழந்தை எவ்வளவு கற்றிருக்கிறது என்பதை அறிவதற்கு ஏற்பட்ட கருவியே பரீட்சை. அந்தக் கருவியின்மீது பள்ளியின் வருவாயையும் உபாத்தியாயரின் பிழைப்பையும் ஏற்றி வைத்தால் என்ன நேரும்? இதற்கு வரலாறு ஒரு முறை விடை கூறியிருக்கிறது. இங்கிலாந்தில் தொடங்கிய அந்தச் சோதனை, நமது சென்னை ராஜதானியின் திண்ணைப் பள்ளிகள்வரை வந்து சேர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிகளைப் பெரும்பாலும் சமயச் சங்கங்களே நடத்தி வந்தன. அரசாங்கம் மான்யம் வழங்கியது. அந்தப் பணம் பயன் தருகிறதா என்று ஆராய 1858-இல் நியூகாஸில் கமிஷன் அமைக்கப்பட்டது. உபாத்தியாயர்கள் மேல்வகுப்பு மாணாக்கரிடமே கருத்தைச் செலுத்துகின்றனர், சின்னஞ்சிறு குழந்தைகள் எழுத்தும் எண்ணும் சரிவர அறியாமலே பள்ளியை விட்டுப் போகின்றனர் என்று அக்கமிஷன் 1861-இல் அறிக்கை தந்தது. அப்பொழுது கல்வித் துறையின் பொறுப்பில் இருந்த ராபர்ட் லோ, இதற்கு மருந்தாக 1862-இல் புதிய விதித்தொகுப்பு ஒன்றைக் கொண்டு வந்தார். கல்வி மலிவாக இல்லாவிடில் பயனுள்ளதாக இருக்கும், பயனுள்ளதாக இல்லாவிடில் மலிவாகவேனும் இருக்கும் என்பது அவர் பாராளுமன்றத்தில் கூறிய வாதம்.

அத்திட்டம் நடந்த முறை இது. ஆண்டுக்கு ஒரு நாள் இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வருவார். ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தனித்தனியே அழைத்து வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றிலும் சோதிப்பார். போதிய நாட்கள் வருகை தந்த ஒவ்வொரு குழந்தைக்கும் எட்டு ஷில்லிங் மான்யம் உண்டு. மூன்று பாடங்களில் எதில் தவறினாலும், பாடம் ஒன்றுக்கு இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் கழிக்கப்படும். மூன்றிலும் தவறினால் எட்டு ஷில்லிங்கும் போயிற்று. பாடத்திட்டம் ஆறு படிகளாக வகுக்கப்பட்டது. முதற்படிக் குழந்தை ஓரசைச் சொற்களால் ஆன சிறு கதையை வாசிக்க வேண்டும். சொல்லச் சொல்ல எழுத்துக்களைப் பலகையில் எழுத வேண்டும். இருபது வரை எண்களை அறிந்திருக்க வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல்.

இதில் ஒரு நன்மை இருந்ததை மறுப்பதற்கில்லை. அதுவரை பின்வரிசையில் கவனிப்பாரின்றி அமர்ந்திருந்த குழந்தையும் இன்ஸ்பெக்டரின் முன் வந்து நின்றது. அக்குழந்தைக்கும் மதிப்பு ஏற்பட்டது. ஆனால் அம்மதிப்பு ஷில்லிங் கணக்கில் ஏற்பட்டதுதான் தீங்காயிற்று. மான்யம் தராத பாடங்கள் ஒதுக்கி வைக்கப்பட்டன. ஒரே வாசகப் புத்தகத்தை ஆண்டு முழுதும் உருப்போட்ட குழந்தைகள், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிழையின்றி ஒப்பித்தார்கள் என்பது அக்காலத்தைப் பற்றி வழங்கும் புகழ்பெற்ற செய்தி. பரீட்சை நாளில் நோயுற்ற குழந்தைகளையும் பள்ளிக்குத் தூக்கி வந்தார்கள். புகழ்பெற்ற கவிஞரும் பள்ளி இன்ஸ்பெக்டருமான மாத்யூ ஆர்னால்டு, இம்முறை பள்ளிகளின் உயிரைப் போக்கி அவற்றை இயந்திரமாக்கிவிடும் என்று தொடக்கத்திலேயே எதிர்த்தார். அரசாங்கத்தின் செலவு குறைந்தது உண்மை. எனினும் 1890-இல் தொடங்கிய மாற்றங்களால் அந்நூற்றாண்டு முடிவதற்குள் இம்முறையை இங்கிலாந்தே கைவிட்டது.

இங்கிலாந்தில் இது நடந்து கொண்டிருக்கையில் நமது நாட்டின் நிலை என்ன? ஸர் தாமஸ் மன்றோ கவர்னராக இருந்தபோது திரட்டிய கணக்கின்படி, சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். அவர்களுள் பெண்கள் 4,540 பேரே. குறைகள் பல இருந்தும், திண்ணைப் பள்ளிக்கு ஓர் இயல்பு இருந்தது. மணலில் எழுதிய பிள்ளை கை திருந்திய பின் ஓலைக்கு வந்தான். எண்சுவடி மனத்தில் படிந்த பின் அடுத்த கணக்கிற்குப் போனான். அவனவன் வேகமே அவனவன் வகுப்பு.

1854-இல் வந்த வுட் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு மான்யம் வழங்கும் வழியைத் திறந்தது. அதன் பின் 1860-களில் பரீட்சைப் பயனுக்கேற்ற மான்யம் சென்னை ராஜதானியிலும் புகுந்தது. மான்யம் வேண்டிய உபாத்தியாயர், துரைத்தனத்தார் வகுத்த படிகளுக்கேற்பத் தம் பிள்ளைகளை நிறுத்த வேண்டியதாயிற்று. பல நாட்டுப் பள்ளிகள் அரசாங்க உதவிக்குள் வந்தது இதன் பயன். படிப்பின் வேகத்தைப் பிள்ளைக்குப் பதிலாகப் பரீட்சைத் தேதி வகுக்கத் தொடங்கியது இதன் விலை. 1882-இல் அமைந்த ஹண்டர் கமிஷன், கல்லூரிகளுக்கு இம்முறை ஆகாது என்றது. ஆனால் ஆரம்பப் பள்ளிகளுக்கு இதனையே பரிந்துரைத்தது. தற்காத்துக்கொள்ள வல்ல பெரியவர்கள் தப்பினார்கள். சிறு குழந்தைகள் அகப்பட்டார்கள். கர்ஸன் பிரபுவின் அரசாங்கம் 1904-இல் வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானம், பரீட்சை அளவுகடந்து வளர்ந்து கல்வி முழுவதையும் ஆட்டிப் படைக்கிறது என்று கண்டித்து, பரீட்சை முடிவைக் கொண்டு மான்யம் அளப்பதைத் தள்ளியது.

சுதந்திர இந்தியாவில் இக்கேள்வி வேறு உருவில் திரும்பி வந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை பொதுப் பரீட்சையில் தேறவேண்டிய கட்டாயம் எந்தக் குழந்தைக்கும் இல்லை என்றது. எவரையும் அதே வகுப்பில் நிறுத்தலாகாது என்றும் விதித்தது. 2019-இல் செய்த திருத்தம், ஐந்து, எட்டாம் வகுப்புகளில் பரீட்சை நடத்தவும், தவறியவர்களை நிறுத்துவதா என்பதை முடிவு செய்யவும் மாநிலங்களுக்கு இடங்கொடுத்தது. தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டு அறிவித்த பொதுப் பரீட்சையை 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. தில்லியிலோ 2023-24 கல்வியாண்டு முதல் நிறுத்தும் முறை வந்தது.

குழந்தையைத் துன்புறுத்தாமல் அளக்கவும் வழி உண்டு. 2021 நவம்பர் 12 அன்று நாடெங்கும் நடந்த கற்றல் அடைவு ஆய்வில், மூன்றாம் வகுப்பு உட்பட நான்கு வகுப்புகளில் ஏறத்தாழ 34 இலட்சம் மாணாக்கர் 22 மொழிகளில் சோதிக்கப்பட்டனர். தேர்ந்தெடுத்த சில பள்ளிகளில், வகுப்பொன்றுக்கு முப்பது பேருக்கு மேற்படாமல் எடுத்த மாதிரி அது. தேறினான், தவறினான் என்ற பேச்சு அதில் இல்லை. மாவட்டத்தின் நிலை தெரிகிறது. குழந்தையின் பெயர் தெரிவதில்லை.

தொழிலின் பொருட்டு மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயரும் நம் குடும்பங்களுக்கு இந்த வரலாறு ஏட்டுச் செய்தி அன்று. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் இந்தியோ மராத்தியோ வங்காளியோ எழுதக் கற்கும் ஏழு வயதுக் குழந்தை, ஒரு நாள் பரீட்சையில் தடுமாறுவது அறிவுக் குறைவினால் அன்று. மொழி இன்னும் கைவராமையினால். ஆகவே பள்ளியிலிருந்து பரீட்சை அறிவிப்பு வரும்பொழுது நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பரீட்சையின் முடிவைக் கொண்டு குழந்தைக்கு உதவப் போகிறார்களா, அல்லது குழந்தையைக் கொண்டு வேறு கணக்கைத் தீர்க்கப் போகிறார்களா? இரண்டையும் ஒன்றெனக் கருதியது 1862-இன் பிழை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் ஆறு வயதுக் குழந்தைகள்.