ஜூலையில் கடல் ஏன் ஜில்லென்று ஆகிறது? மீனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பாறசாலை பக்கம் உள்ள செங்கல் கிராமத்திலிருந்து தென்மேற்கே சில கிலோமீட்டர் போனால் பூவாறு. நெய்யாறு கடலில் சேரும் இடம். ஏப்ரலில் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும் இந்தக் கடல், ஜூலை, ஆகஸ்டில் சில டிகிரி குளிர்ந்துவிடும். மழைதான் காரணம்னு நினைக்கிறீங்களா? காற்றுதான் முக்கியக் காரணம்.

என்ன நடக்கிறது?
பருவக்காற்று கரையோர மேல்நீரை வெளிக்கடலுக்குத் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது.

மீன் என்ன செய்யும்?
குளிர்நீரில் வரும் சத்துகளால் நுண்பாசி பெருகும். அதைத் தின்று மத்தி (குமரிக்காரர்களுக்குச் சாளை) வளரும். ஆனால் அந்த நீரில் ஆக்சிஜன் குறைவு. அதனால் கிளிமீன் போன்ற அடிமட்ட மீன்கள் ஆழம் குறைந்த கரைப்பக்கம் ஒதுங்கும். சின்ன வள்ளங்களுக்கும் எட்டும்.

அப்போ மீன் அதிகமாயிடுச்சா?
அவசியமில்லை. இருக்கிற மீனே நெருக்கமாகக் கூடியிருக்கலாம். கேரளத்தில் 2012-இல் சுமார் 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் வெறும் 3,297 டன். ஒரு சீசன் வலை நிறைந்ததை வைத்து கடலைக் கணக்குப் போட முடியாது.

இந்தக் குளிர்நீர் மாதங்கள் பல மீன்கள் முட்டையிடும் காலமும்கூட. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை இழுவலை விசைப்படகுகளுக்குத் தடை இருப்பது அதனால்தான்.