எந்த மெஷினை வாங்குவது? மியூலும் ரிங்கும் சொல்லும் கதை

இந்த எபிசோட் ஒரு கேள்வியில இருந்து தொடங்குது. ஒரே வேலையைச் செய்யுற ரெண்டு மெஷின் இருக்கு. ஒண்ணு பழசு, நூறு வருஷமா ஓடி பேர் வாங்கினது. இன்னொண்ணு புதுசு, வேகமானது, ஓட்டுறதுக்கும் சுலபம். உங்க கையில இருக்கிறது பங்குதாரர்கள் நம்பிக் கொடுத்த பணம். எதை வாங்குவீங்க?

"இதுல யோசிக்க என்ன இருக்கு, புதுசைத்தான்"னு சட்டுனு சொல்லிடலாம். ஆனா 1880களில் இந்தக் கேள்வி உலகத்தின் மூணு மூலையில இருந்த மில் முதலாளிகள் முன்னாடி வந்து நின்னது. இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சுத்தி இருக்கிற லங்காஷயர், ஜப்பானில் ஒசாகா, இந்தியாவில் நாக்பூர். மூணு பேருக்கும் மெஷின் வித்தது பெரும்பாலும் அதே லங்காஷயர் கம்பெனிகள்தான். ஆனா மூணு பேரும் ஒரே மாதிரி முடிவெடுக்கலை. அதோட விளைவு பல லட்சம் பேரோட வேலையை, சில நகரங்களோட தலையெழுத்தையே மாத்திடுச்சு.

ரெண்டு மெஷின், ரெண்டு சுபாவம்

முதல்ல மெஷின்களைப் பார்த்துடுவோம். பஞ்சை நூலாக்க மூணு வேலை நடக்கணும்: இழுக்கணும், முறுக்கணும், சுத்தணும்.

1779-ல் இங்கிலாந்தின் போல்டன் ஊரைச் சேர்ந்த சாமுவேல் கிராம்ப்டன் ஒரு மெஷினைச் செஞ்சார். அதுக்கு முன்னாடி இருந்த ரெண்டு மெஷின்களோட குணத்தையும் கலந்து செஞ்சதால அதுக்கு 'மியூல்'னு பேர் வந்தது. மியூல்னா கோவேறு கழுதை. இதுல கதிர்கள் ஒரு நீளமான வண்டி மேல வரிசையா நிக்கும். வண்டி சுமார் 5 அடி முன்னாடி வரும்போது நூல் இழுபட்டு முறுக்கேறும். திரும்பப் போகும்போது அந்த நூல் கதிர்ல சுத்திக்கும். அதாவது, முதல்ல நூற்கும், அப்புறம் சுத்தும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்காது. பின்னாடி ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இதைத் தானாக ஓடுற மாதிரி மாத்தினார். அப்பவும் அதை ஓட்டத் தேர்ந்த ஆள் வேணும். வண்டியோட கூடவே நாள் முழுக்க நடக்கணும், அறுந்த நூலை ஓட்டத்துலயே பிடிச்சு ஒட்டணும்.

ரிங் கதை வேற. 1828-ல் அமெரிக்காவில் ஜான் தார்ப் காப்புரிமை வாங்கினது. ஒவ்வொரு கதிரையும் சுத்தி ஒரு வளையம். அந்த வளையத்து மேல 'டிராவலர்'னு ஒரு குட்டிக் கம்பிக் கொக்கி ஓடும். நூல் அந்தக் கொக்கி வழியாப் போகும். கதிர் சுத்தும்போது கொக்கியும் சுத்தும். இழுப்பு, முறுக்கு, சுத்து மூணும் நிக்காம ஒண்ணா நடக்கும். வண்டி கிடையாது, முன்னும் பின்னும் போற வேலை கிடையாது. சில வாரப் பழக்கம் இருந்தாலே ஒரு புது ஆள் ஓட்டிடலாம்.

அப்போ ரிங்தானே ஜெயிக்கணும்? அங்கதான் சிக்கல். அந்தக் குட்டிக் கொக்கி நூலை விடாம இழுத்துக்கிட்டே இருக்கும். இழை குட்டையான மட்டப் பஞ்சா இருந்தா நூல் அறுந்துடும். அறுக்காம இருக்க நல்ல பஞ்சு வேணும், இல்லைன்னா முறுக்கைக் கூட்டணும். மியூல் அப்படி இல்ல, நூலை மென்மையாக் கையாளும். மட்டப் பஞ்சுலயும் ஓடும். ரொம்ப மெல்லிய நூலும் எடுக்கும்.

லங்காஷயர் ஏன் மாறலை?

1913-ல் பிரிட்டனில் இருந்த கதிர்களில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு மியூல்தான். அதே நேரத்தில் அமெரிக்காவில் நிலைமை தலைகீழ், அங்க பெரும்பாலும் ரிங். இதை வெச்சு "இங்கிலீஷ்காரன் சோம்பேறி, பழசையே பிடிச்சுக்கிட்டான்"னு சொல்றது ரொம்ப சுலபம். ஆனா ஒரு ஓல்டாம் முதலாளியோட இடத்துல உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்க.

முதல் கணக்கு, ஆள். மியூல் ஓட்டத் தெரிஞ்ச ஆட்கள் அங்க தலைமுறை தலைமுறையா இருந்தாங்க. அவங்களுக்கு வலுவான சங்கம் இருந்தது. கூலி எவ்வளவுன்னு ஊருக்கு ஊர் பேசி முடிச்ச பட்டியல் இருந்தது. அமெரிக்காவில் இந்தத் திறமைசாலிகள் குறைவு, கூலியும் அதிகம். அதனால அவங்களுக்கு ரிங் அவசியம். லங்காஷயருக்கு அந்த நெருக்கடி இல்ல.

ரெண்டாவது, பஞ்சு. லிவர்பூல் சந்தை பக்கத்துலயே. எந்த ரகம் எந்த நாள் மலிவோ அதை வாங்கி மியூல்ல ஓட்டிடலாம். பஞ்சுல மிச்சம் பிடிக்கிற காசு சின்னதில்ல, ஏன்னா நூலோட விலையில பெரிய பங்கு பஞ்சுதான்.

மூணாவது கணக்கு நமக்கு உடனே தோணாதது: பாபின். ரிங்கில் நூல் மரப் பாபின்ல சுத்தும். மியூல்ல வெறும் கதிர்லயோ காகிதக் குழல்லயோ சுத்தி, அப்படியே உருவி எடுத்துடலாம். லங்காஷயரில் நூற்பு ஒரு ஊர், நெசவு இன்னொரு ஊர். ஓல்டாமிலும் போல்டனிலும் நூற்பாங்க, பிளாக்பர்னிலும் பர்ன்லியிலும் நெய்வாங்க. ரிங் நூலை அனுப்பினா மரத்தோட எடைக்கும் வண்டிக் கூலி கொடுக்கணும், காலிப் பாபினைத் திருப்பி வாங்கவும் கூலி கொடுக்கணும். அமெரிக்க மில்லில் நூற்பும் நெசவும் ஒரே கட்டடம். பாபின் ஒரு மாடியில இருந்து இன்னொரு மாடிக்குப் போனாப் போதும்.

இப்போ சொல்லுங்க, அந்த முதலாளி முட்டாளா?

ஒசாகா: முதல்ல அடி, அப்புறம் படிப்பு

ஜப்பானுக்கு வருவோம். 1870களின் கடைசியில மெய்ஜி அரசு ஒரு திட்டம் போட்டது. இங்கிலாந்தில் இருந்து தலா 2,000 கதிர் கொண்ட பத்து செட் மெஷின் வாங்கி, நாட்டின் பல இடங்களில் தவணைக்குக் கொடுத்தது. மெஷின்ல குறை இல்ல. ஆனா 2,000 கதிருங்கிறது ரொம்பச் சின்ன அளவு. நிறைய இடத்துல ஆத்துத் தண்ணியை நம்பி ஓட்டினாங்க. தண்ணி குறைஞ்சா மில்லும் படுத்துக்கும். ரிப்பேர் பார்க்கப் பக்கத்துல ஆள் இல்ல. பெரும்பாலான மில்கள் தடுமாறின.

இதைப் பார்த்துக்கிட்டே இருந்தவர் ஷிபுசாவா எய்இச்சி, வங்கியாளர். அவர் மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஆளைத் தயார் பண்ணினார். இங்கிலாந்தில் படிச்சுக்கிட்டிருந்த யாமானோபே தாகெயோவை நூற்பு கத்துக்கச் சொன்னார். யாமானோபே பிளாக்பர்னில் ஒரு மில்லுக்குள்ள போய் நேரடியா வேலை கத்துக்கிட்டார். 1883-ல் ஒசாகா நூற்பாலை ஓட ஆரம்பிச்சது. 10,500 கதிர், நீராவி எஞ்சின், ராத்திரி ஷிப்ட்டும் உண்டு.

கவனிங்க, அவங்களும் முதல்ல வாங்கினது மியூல்தான். லாபமும் வந்தது. ஆனா சில வருஷத்துலயே, 1880களின் முடிவில, ஜப்பானிய மில்கள் கூட்டமா ரிங்குக்கு மாறின. ஏன்னா தேர்ந்த மியூல்காரர்கள் அங்க கிடையாது. வேலைக்குக் கிடைச்சது கிராமத்துல இருந்து வந்த இளம்பெண்கள். அவங்க வித்தது தடிமனான, சாதாரண நூல். நூல் அறுக்கிற பிரச்சினையைப் பஞ்சைக் கலந்து சமாளிச்சாங்க. இந்தியப் பஞ்சு, சீனப் பஞ்சு, கொஞ்சம் அமெரிக்கப் பஞ்சுன்னு கலவை போட்டு, ரிங் தாங்குற மாதிரி இழையைத் தயார் பண்ணினாங்க. மெஷினை மட்டும் மாத்தலை, மெஷினுக்கு ஏத்த மாதிரி பஞ்சு அறையையும் மாத்தினாங்க.

ஆனா இந்த வெற்றிக்கு ஒரு விலை இருக்கு. அந்தப் பெண்கள் விடுதியில அடைபட்டு, ராத்திரி பகல் ரெண்டு ஷிப்ட்டா உழைச்சாங்க. காசநோய் பலரைக் கொண்டுபோச்சு. 1911-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தும் பெண்களோட ராத்திரி வேலை நின்னது 1929-ல்தான். 'சுலபமா ஓட்டலாம்'னு ஒரு மெஷினைப் பத்திச் சொன்னா, யாரை வெச்சு, எந்த நிபந்தனையில ஓட்டலாம்னு சேர்த்துக் கேக்கணும். நம்ம ஊர் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' பத்தி எழுந்த சர்ச்சையைக் கேள்விப்பட்டவங்களுக்கு இது பழைய கதையாத் தோணாது.

நாக்பூர்: இடம் முதல், மெஷின் அப்புறம்

ஜாம்ஷெட்ஜி டாடா தன் மில்லைப் பம்பாயில் கட்டாம நாக்பூரில் கட்டினார். சுத்தி எங்க பார்த்தாலும் பருத்திக் காடு, வரோராவில் நிலக்கரி, பக்கத்துலயே ரயில். 1877 ஜனவரி 1, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியா அறிவிச்ச அதே நாள், எம்ப்ரஸ் மில் திறந்தது. மில்லை நடத்தப் பெசோன்ஜி மேத்தாங்கிறவரை நியமிச்சார். அவர் ரயில்வேயில இருந்து வந்தவர், நூற்பு அனுபவமே இல்லாதவர்.

முதல்ல வாங்கின மெஷின்கள் விலை மலிவு. சரக்கோட தரமும் அப்படியே இருந்தது. ஜாம்ஷெட்ஜி கணக்கை மாத்திப் போட்டு நல்ல மெஷினுக்குச் செலவு பண்ணினார். அப்புறம் 1880களில் ரிங் ஃபிரேம் வந்தப்போ, மில்லையே ஒரே நாள்ல மாத்தலை. சில ஃபிரேம்களை மட்டும் வரவழைச்சு, தன் பஞ்சுல, தன் ஆட்களை வெச்சு ஓட்டிப் பார்த்தார். கணக்கு கைகொடுத்த பிறகுதான் விரிவாக்கினார். இந்தியாவில் ரிங்கை முதலில் முயன்ற மில்களில் எம்ப்ரஸ் ஒண்ணு. அங்க நூற்பும் நெசவும் ஒரே வளாகம், அதனால பாபின் பிரச்சினையும் இல்ல. லங்காஷயர் காத்துல இயல்பாவே ஈரம் இருக்கும். நாக்பூர் வெயில் பஞ்சைக் காய வெச்சு நூலை அறுக்கும். அதுக்கு ஈரப்பதம் கொடுக்கிற கருவிகளையும் மில்லுல பொருத்தினார்.

அப்போ யார் சரி?

பொருளாதார வரலாற்றாளர்கள் இதைப் பத்தி இன்னிக்கும் விவாதிக்கிறாங்க. 1970களில் லார்ஸ் சாண்ட்பெர்க் சொன்னது: அன்னிக்கு இருந்த கூலி, பஞ்சு விலை, நூல் ரகம் எல்லாத்தையும் கணக்குப் போட்டா, லங்காஷயர் மியூலை வெச்சிருந்தது நியாயமான முடிவு. வில்லியம் லாசோனிக் அதுக்கு மறுப்புச் சொன்னார்: கணக்கு சரியா இருக்கலாம், ஆனா நூற்பும் நெசவும் பிரிஞ்சு கிடக்கிற அந்த அமைப்பையே மாத்த முடியாதுன்னு ஏன் எடுத்துக்கிட்டாங்க?

ரெண்டு பேரையும் சேர்த்துப் படிச்சா ஒரு விஷயம் புரியுது. ஒவ்வொரு முதலாளியும் அந்த வருஷத்துக்குச் சரியான மெஷினைத்தான் வெச்சிருந்தார். ஆனா 30 வருஷம் கழிச்சு மொத்த ஊரும் தப்பான இடத்துல நின்னது. முதல் உலகப் போருக்குப் பிறகு சந்தை கைவிட்டுப் போச்சு. பெரிய வாடிக்கையாளரான இந்தியா தானே நூற்று, தானே நெய்ய ஆரம்பிச்சிடுச்சு. 1930களில் துணி ஏற்றுமதியில ஜப்பான் பிரிட்டனைத் தாண்டிடுச்சு. 1936-லயும் 1959-லயும் தேவைக்கு மேல இருக்கிற மெஷின்களை உடைச்சுக் குறைக்கவே பிரிட்டன் சட்டம் போட வேண்டியிருந்தது. இன்னொரு திருப்பமும் உண்டு. ஒரு காலத்தில் ஜப்பானுக்கு மெஷின் வித்த ஓல்டாமின் பிளாட் பிரதர்ஸ், 1929-ல் ஜப்பானின் டொயோடாவோட தானியங்கித் தறிக்குக் காப்புரிமை வாங்க ஒப்பந்தம் போட்டது.

இன்னிக்கு இதே கேள்வி

இந்தக் கேள்வி முடிஞ்சு போகலை. 1962-ல் தொடங்கின கோவையின் லக்ஷ்மி மெஷின் வொர்க்ஸ், சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியோட கூட்டுல நூற்பு மெஷின் செஞ்சது. அன்னிக்கு லங்காஷயர் வித்ததை இன்னிக்கு நம்ம ஊரே விக்குது. கோவை, திருப்பூர் பக்கம் போனா ரிங் மில்லும் இருக்கு, 'ஓ.இ. மில்'னு சொல்ற ரோட்டார் மில்லும் இருக்கு. ரோட்டார் ரிங்கை விட ரொம்ப வேகம். கழிவுப் பஞ்சுலயும் ஓடும். ஆனா அதுல வர்ற நூல் பொதுவாத் தடிமன், பலமும் ரிங் நூலை விடக் குறைவு. அதனால ஒண்ணு இன்னொண்ணை விரட்டலை. துண்டு, போர்வை, ஜீன்ஸ் மாதிரி சரக்குக்கு ஒண்ணு, மெல்லிய பனியன் துணிக்கு இன்னொண்ணு.

நீங்க நூற்பாலை நடத்தப் போறதில்ல. ஆனா நாளைக்கே ஒரு பேக்கரிக்கு ஓவன், ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்கு மெஷின், ஒரு பட்டறைக்கு சி.என்.சி.ன்னு கொட்டேஷன் கையில வரலாம். வேகத்தையும் விலையையும் விக்கிறவரே சொல்லிடுவார். அவர் சொல்லாத நாலு விஷயத்தை நீங்க கேளுங்க. இது என் சரக்குல ஓடுமா? இதை ஓட்ட என் ஊர்ல யார் கிடைப்பாங்க, அவங்களுக்கு நான் என்ன கொடுப்பேன்? இந்த மெஷினுக்கு முன்னாடியும் பின்னாடியும் நான் என்னென்ன மாத்தணும்? நடுராத்திரி நின்னுட்டா யார் வருவா? முடிஞ்சா ஒண்ணே ஒண்ணு வாங்கி, உங்க இடத்துலயே ஓட்டிப் பாருங்க.

வாங்கி அஞ்சு வருஷம் கழிச்சு, "அன்னிக்கு எந்தக் காரணத்துக்காக இதை வாங்கினோம், அந்தக் காரணம் இன்னும் இருக்கா?"ன்னு மறுபடி ஒரு தடவை கேளுங்க. லங்காஷயர் முதல் நாலு கேள்வியையும் நல்லாவே கேட்டது. இந்த அஞ்சாவதைக் கேக்கத்தான் ரொம்பத் தாமதமாயிடுச்சு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.