ஸ்பேனர் நம் கையில், ஆர்.சி. புத்தகம் யார் கையில்?

தோழர்களே, ஆடி மாதத்தில் திருநின்றவூரிலிருந்து பெரியபாளையம் போகும் சாலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பவானி அம்மன் கோயிலுக்கு வேனும் லாரியும் டிராக்டருமாக மக்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்த நெரிசலில் எப்போதாவது ஒரு பழைய பச்சை வண்டி கண்ணில் படும். ராணுவம் கழித்துவிட்ட ஜீப்பாகவோ லாரியாகவோ இருக்கும். ராணுவத்தில் இருந்தவரை அதன் நம்பர் பலகையில் மேல்நோக்கிய ஓர் அம்புக்குறியும், அடுத்து அது வாங்கப்பட்ட ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் இருந்திருக்கும். இப்போது அந்த இடத்தில் நம் ஆர்.டி.ஓ. கொடுத்த எண்.

அந்த வண்டியை ஓட வைத்தவர் யார்? அது யார் பெயரில் இருக்கிறது? இரண்டு கேள்விக்கும் ஒரே பெயர் பதிலாக வருவது அபூர்வம். ஏன் என்று கேட்டால் ஒரு நூற்றாண்டு வரலாறு விரிகிறது.

கதவு சாத்தப்பட்ட காலம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளில் நம் மக்கள் இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள், மதராஸ் படையில் பறையர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷார் 'போர் இனம்' என்றொரு கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். சில சாதிகளுக்குத்தான் வீரம் பிறப்பிலேயே உண்டாம். மகர்களைப் படையில் சேர்க்க மறுத்தபோது, 1894இல் கோபால் பாபா வலங்கர் அரசுக்கு மனு எழுதினார். மதராஸிலும் ஆள் எடுப்பது சுருங்கிக்கொண்டே போனது. பறையர்கள் பணியாற்றிய மதராஸ் பயனியர் படை 1933இல் கலைக்கப்பட்டது.

இதைச் சம்பள இழப்பாக மட்டும் பார்க்காதீர்கள். எழுத்து, சீருடை, ஓய்வூதியம், ஊருக்கு வெளியே ஒரு வாழ்க்கை எல்லாமே அந்தக் கதவோடு சேர்ந்து மூடப்பட்டன.

போர் வந்தது, லாரி வந்தது

இரண்டாம் உலகப் போர் அந்தக் கோட்பாட்டைத் தகர்த்தது. 1939இல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம் 1945இல் 25 லட்சமாக வளர்ந்தது. அத்தனை பேரையும் 'போர் இனங்களில்' மட்டும் தேடிப் பிடிக்க முடியாது. தெற்கிலும் ஆள் எடுத்தார்கள். மகர் ரெஜிமென்ட் 1941இல் உருவானது.

கூடவே வண்டிகளும் வந்தன. கனடாவில் ஃபோர்டும் செவ்ரோலெட்டும் ராணுவத்துக்காகவே கட்டிய லாரிகள், அமெரிக்க டாட்ஜ்கள், வில்லிஸ் ஜீப்கள். கனடா லாரியின் ஒரு வகையில் முன்கண்ணாடி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். வெயில் பட்டு மின்னி விமானத்துக்குக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் நம் சாலைக்கும் பொருந்தியது.

இவ்வளவு வண்டியைப் பழுது பார்க்க யார் இருக்கிறார்கள்? அதற்காகவே 1943இல் இந்திய மின், இயந்திரப் பொறியியல் படை தொடங்கப்பட்டது. இன்று ஈ.எம்.இ. என்று சொல்கிறோமே, அதுதான்.

ராணுவப் பட்டறையின் முறை வேறு. வண்டிக்கு ஒரு பதிவேடு உண்டு. எத்தனை மைல் ஓடியது, எப்போது ஆயில் மாற்றியது, எந்த பாகம் கழற்றப்பட்டது என்பதெல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். எந்த நாள் எதைப் பார்க்க வேண்டும் என்று அட்டவணை உண்டு. கியர் பாக்ஸைப் பிரிக்கக் கையேடு உண்டு. கற்றுக்கொண்டதைச் சோதிக்க டிரேட் டெஸ்ட் உண்டு. நம் ஊரில் தொழில் என்பது அப்பனிடமிருந்து மகனுக்கு, சாதிக்குள்ளேயே போவது. இங்கே அதே அறிவு ஒரு புத்தகத்தில் இருந்தது. தேறியவனுக்கு வேலை. படைக்குள்ளும் சாதி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கார்புரேட்டரைத் தொடாதே, தீட்டு என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.

1942இல் அண்ணல் கேட்டது

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் பொறுப்பேற்றார். சில மாதங்களில், அக்டோபர் 29ஆம் தேதி, வைஸ்ராயிடம் ஒரு மனு கொடுத்தார். அரசுப் பணிகளில் இடஒதுக்கீடு கேட்டதைப் பலரும் சொல்வார்கள். அதே மனுவில் இருந்த வேறு இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் பட்டியல் சாதிப் பிள்ளைகளைப் பயிற்சித் தொழிலாளர்களாகச் சேர்க்க வேண்டும் என்றார். மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தங்களில் நம்மவர்களுக்குப் பங்கே இல்லை என்பதையும் எடுத்து வைத்தார்.

ஒன்று தொழில் கற்பது. மற்றொன்று தொழிலை நடத்துவது. இரண்டையும் அவர் ஒன்றாகவே கேட்டார். 1943இல் மத்திய அரசுப் பணிகளில் 8.33 சதவீத ஒதுக்கீடு வந்தது. போர் முடிந்து ஊர் திரும்பும் சிப்பாய்களுக்கு வேலை தேடித்தர 1945இல் அவரது துறையின் கீழ்தான் தனி இயக்ககம் அமைந்தது. இன்றைய வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தொடக்கம் அதுதான். ஒப்பந்தத்தில் பங்கு என்ற கோரிக்கை மட்டும் அங்கேயே நின்றது.

ஏலத்தில் தோற்றோம்

போர் முடிந்ததும் ராணுவம் மிச்ச வண்டிகளை விற்றது. 'டிஸ்போசல்' லாரி என்று மக்கள் அழைத்தது இவற்றைத்தான். ஊர் ஊராக அவை பஸ்ஸாகவும் சரக்கு லாரியாகவும் மாறின. பெட்ரோல் குடிக்கும் என்ஜினை இறக்கிவிட்டு, செம்பியம் சிம்சன் ஆலையின் பெர்கின்ஸ் டீசல் என்ஜினை ஏற்றுவது 1950களில் பட்டறைகளின் பெரிய வேலை. என்ஜின் தாங்கியை மாற்ற வேண்டும், கியர் பாக்ஸைப் பொருத்த வேண்டும், கமான் பட்டையைக் கூட்ட வேண்டும். இது கை வேலை மட்டுமல்ல, கணக்கும் வேண்டும்.

இந்த வேலையை ராணுவத்தில் கற்றுக்கொண்டு வந்தவர் செய்வார். ஆனால் வண்டியை ஏலம் எடுக்க ரொக்கம் வேண்டும். பட்டறை போட ரோட்டோரம் நிலம் வேண்டும். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வழித்தட பெர்மிட் வேண்டும். அதற்கு அதிகாரியைத் தெரிந்திருக்க வேண்டும். நிலமும் ரொக்கமும் அறிமுகமும் எந்தச் சாதிகளிடம் இருந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேரியிலிருந்து போய் எட்டு நாட்டு வண்டிகளைப் பிரித்துப் பூட்டியவர், ஊர் திரும்பியதும் இன்னொருவர் பட்டறையில் தினக்கூலி ஆனார். திறமை கூடவே வந்தது. முதல் மட்டும் வரவில்லை.

இன்று, நம் வட்டாரத்தில்

பெரியபாளையத்துக்குத் தெற்கே ஆவடி. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. வடகிழக்கே கும்மிடிப்பூண்டி. பழைய இரும்பை உருக்கும் ஆலைகள் அங்கே இருக்கின்றன. ராணுவ வண்டி பிறக்கும் இடத்துக்கும் இரும்பு கரையும் இடத்துக்கும் நடுவில் நாம் வாழ்கிறோம். நம் பிள்ளைகள் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கிறார்கள், பட்டறைகளில் கிரீஸ் அடிக்கிறார்கள். சொந்தப் பட்டறை வைத்தவர்கள் எத்தனை பேர்?

இப்போது ராணுவம் கழிக்கும் வண்டிகள் எம்.எஸ்.டி.சி. என்ற பொதுத்துறை நிறுவனத்தின் மின்னணு ஏலத்தில் விற்கப்படுகின்றன. முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். எடுத்தவர் ராணுவம் தரும் படிவம் 21 விற்பனைச் சான்றைக் காட்டித்தான் ஆர்.டி.ஓ.வில் பதிய முடியும். அந்தச் சான்று இல்லாத 'மிலிட்டரி ஜீப்' எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

2012 முதல், மத்திய அரசுத் துறைகள் செய்யும் கொள்முதலில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும் என்று ஆணை இருக்கிறது. பழுதுபார்ப்பு போன்ற சேவைகளுக்கும் அது பொருந்தும். ஆனால் அந்த ஆணை அரசு வாங்குவதைப் பற்றியது. அரசு கழித்து விற்பதைப் பற்றி அது பேசவில்லை. தமிழ்நாட்டில் 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் முதலீட்டில் 35 சதவீத மானியம் தருகிறது. பட்டறை போட நினைக்கும் தம்பி, தங்கைகள் இதை அவசியம் கேட்டுப் பெற வேண்டும்.

உங்களிடம் கேட்பது இரண்டு. முதலாவது, வீட்டில் தாத்தா, கொள்ளுத் தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், டிரேட் டெஸ்ட் சான்று, சீருடையில் எடுத்த போட்டோ எது இருந்தாலும் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அவர் எந்த வண்டியில் வேலை பார்த்தார், ஊர் திரும்பி என்ன ஆனார் என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். நம் தொழில் வரலாற்றுக்கு வேறு ஆவணம் யாரும் எழுதி வைக்கவில்லை.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நம் பகுதியில் உள்ள மத்திய அரசு நிறுவனங்களுக்கு மனு போடுங்கள். வாகனப் பராமரிப்பு ஒப்பந்தங்களில் அந்த 4 சதவீதம் எந்தெந்த ஆண்டு எட்டப்பட்டது என்று கேளுங்கள். 1942இல் அண்ணல் வைஸ்ராயிடம் கேட்ட அதே கேள்விதான். இந்த முறை பதில் எழுத்தில் வந்தாக வேண்டும்.

ஜெய்பீம்.