கலப்புக் குளியல் வயது வரம்பு (ஜப்பான்)

கலப்புக் குளியல் வயது வரம்பு என்பது, ஜப்பானின் பொதுக் குளியலகங்களில் ஒரு குழந்தை தாயுடன் பெண்கள் பகுதிக்கோ தந்தையுடன் ஆண்கள் பகுதிக்கோ எந்த வயது வரை செல்லலாம் என்பதை வரையறுக்கும் விதி ஆகும். நடுவண் அரசின் வழிகாட்டுதலில் 10 ஆக இருந்த இவ்வரம்பு 2020 டிசம்பரில் 7 ஆகக் குறைக்கப்பட்டது. அதாவது, 7 வயது நிறைந்த சிறுவன் தாயுடனோ, சிறுமி தந்தையுடனோ உள்ளே செல்லக்கூடாது.

பின்னணி

சென்டோ எனப்படும் நகரக் குளியலகங்களிலும் ஒன்சென் எனப்படும் வெந்நீரூற்றுக் குளியலகங்களிலும் ஆடையின்றியே நீராடுவர். நோரென் என்னும் துணித்திரை தொங்கும் வாயில்கள் ஆண், பெண் இருபாலாருக்கும் தனித்தனியாக உள்ளன. வாயிலைத் தாண்டினால் உடைமாற்றும் அறை, அதையடுத்துக் குளியல் பகுதி. நீச்சல் குளங்களில் உடைமாற்றும் சில நிமிடங்களுக்கு மட்டும் எழும் கேள்வி, இங்கு குளித்து முடியும் வரை நீடிக்கிறது.

எடோ காலத்தில் இருபாலாரும் ஒன்றாக நீராடுவது பரவலாக இருந்தது. 1791 இல் விதிக்கப்பட்ட தடை முழுமையாகப் பின்பற்றப்படவில்லை. 1900 இல் உள்துறை அமைச்சு 12 வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் கலப்புக் குளியலைத் தடை செய்தது. 1948 ஆம் ஆண்டின் பொதுக் குளியலகச் சட்டம் வயது எதையும் குறிப்பிடவில்லை. தூய்மை, ஒழுக்கம் பற்றிய விவரங்களை வகுப்பதை உள்ளூர் அரசுகளிடம் விட்டுவிட்டது. எனவே வரம்பு இடத்துக்கு இடம் வேறுபட்டது. கியோட்டோ முன்பே 7 வயதைக் கொண்டிருந்தது.

2020 மாற்றம்

வழிகாட்டுதலைத் திருத்துமுன் 7 முதல் 12 வயது வரையான சிறாரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. கூச்சம் தோன்றிய வயதாக 6 உம் அடுத்து 7 உம் மிகுதியாகக் கூறப்பட்டன. பிறர் சங்கடத்தை மட்டும் கருதாது குழந்தையின் கூச்சத்தையும் கணக்கில் எடுத்தது இத்திருத்தத்தின் சிறப்பு. வழிகாட்டுதல் உள்ளூர் அரசுகளைக் கட்டுப்படுத்தாது. எனினும் பல மாகாணங்கள் தம் விதிகளைத் திருத்தின. டோக்கியோவில் புதிய வரம்பு 2022 சனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது.

சிக்கல்கள்

தாய் மட்டும் உள்ள வீட்டின் 7 வயது மகன், அறிமுகமற்ற ஆண்களிடையே தனியே உடை மாற்றிக் குளிக்க வேண்டியுள்ளது. தந்தையோடு வரும் மகளின் நிலையும் இதுவே. ஈரத்தரையில் வழுக்கி விழுதல், ஏறத்தாழ 40 பாகை செல்சியசு வெந்நீரில் நெடுநேரம் இருந்து மயங்குதல் போன்றவை நேர்ந்தால் பெற்றோர் சுவருக்கு அப்பால் இருப்பர். உடல் அல்லது மனவளர்ச்சிக் குறைபாட்டால் உதவி தேவைப்படும் சிறாருக்கு வயது எண் சரியான அளவுகோலாகாது. ஆயினும் வரம்பைத் தளர்த்தினால், ஆடையின்றி இருக்கும் ஏனையோரின், குறிப்பாக அதே வயதுப் பள்ளித்தோழர்களின், கூச்சம் புறக்கணிக்கப்படும்.

இவ்வரம்பு பள்ளி வகுப்போடும் பொருந்துவதில்லை. 6 வயது நிறைந்தபின் வரும் ஏப்ரலில் முதல் வகுப்பில் சேர்வதால், ஒரே வகுப்பு மாணவர் இருவரில் ஒருவன் தாயுடன் செல்லலாம். 7 நிறைந்த மற்றவன் செல்லலாகாது.

குடும்பத்தினர் வாடகைக்கு எடுக்கும் தனிக் குளியலறைகள் பல ஒன்சென் விடுதிகளில் உள்ளன. இவற்றில் வயதுச் சிக்கல் எழுவதில்லை. ஆனால் இவற்றுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு; அக்கம்பக்கத்தார் செல்லும் எளிய சென்டோக்களில் இவ்வசதி அரிது.