உப்பின் கணக்கு: நொய்யலும் அதன் கிணறுகளும்

நொய்யல் கெட்ட கதையைப் பேசும்போது பெரும்பாலும் நிறத்தைப் பற்றியே பேசுகிறோம். திருப்பூர்ப் பாலங்களுக்குக் கீழே ஆறு நிறம் மாறி ஓடிய படங்கள் மனத்தில் அப்படிப் பதிந்துவிட்டன. ஆனால் ஆற்றையும் அதை ஒட்டிய நிலத்தடி நீரையும் நெடுங்காலத்துக்குக் கெடுத்தது சாயத்தைவிட உப்பே என்பது இக்கட்டுரையின் வாதம். நிறத்தை நீக்குவதில் முனைந்த சுத்திகரிப்பும், செறிவை மட்டும் அளந்த விதியும் அந்த உப்பின் மொத்த எடையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பருத்திக்குச் சாயம் ஏற்றும் முறையிலேயே இதற்கான காரணம் இருக்கிறது. நீரில் நனைந்த பருத்தி இழை, ரியாக்டிவ் சாயம் இரண்டுக்கும் எதிர்மின்னேற்றம், ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தைத் தணிக்கவே சாதாரண உப்போ கிளாபர் உப்போ போடுகிறார்கள். அடர்நிறங்களுக்கு லிட்டருக்கு 60 கிராமும் அதற்கு மேலும் தேவைப்படும். கடல்நீரிலேயே சுமார் 35 கிராம்தான் இருக்கிறது. ஒரு கிலோ பனியன் துணிக்கு 8 லிட்டர் நீர் என்று கொண்டால் ஏறத்தாழ அரைக் கிலோ உப்பு ஆகிறது. சாயத்தின் பெரும்பகுதியாவது துணியில் தங்கும். உப்போ போட்டது அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறிவிடும்.

வழக்கமான சுத்திகரிப்பில் சுண்ணாம்பும் அன்னபேதியும் கலந்து, நிறத்தைத் திரளவைத்துச் சேறாக இறக்குவார்கள். வெளிவரும் நீர் தெளிந்திருக்கும். கரைந்த உப்பு இதற்கு அகப்படாது. சேர்க்கும் ரசாயனங்களால் சற்றுக் கூடவும் கூடும்.

வெளியேற்றும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. இந்த வரம்புக்கு உட்பட்டே நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் விட்டாலும் ஆற்றுக்குள் 21 டன் போய்ச் சேரும். ஆண்டு முழுதும் நீரோடும் பேராறு என்றால் அதை ஓரளவு நீர்த்துப்போகச் செய்யலாம். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலோ மழையை நம்பிய ஆறு. வறண்ட மாதங்களில் அதில் ஓடியதே கழிவுநீர்தான். அத்தகைய ஆற்றுக்குச் செறிவு வரம்பு மட்டும் விதிப்பது எந்தப் பாதுகாப்பும் ஆகாது.

1992இல் நொய்யலின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை நிலைமையை மேலும் மோசமாக்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக ஆவியாக உப்பின் செறிவு ஏறியது. அடியிலுள்ள கடினப் பாறையின் விரிசல்கள் வழியே அது கசிந்து சுற்றுவட்டாரக் கிணறுகளை எட்டியது. கிணற்று நீரை இறைத்துப் பாய்ச்சிய வயலில் சோடியம் மண்ணின் கால்சியத்தை வெளியேற்றும். களிமண் துகள்கள் கலைந்து, காய்ந்ததும் மேல்மண் இறுகிவிடும். பிறகு நல்ல மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டிய மழையே பயன்படாமல் போவதுதான் இதில் மிகக் கொடிய கட்டம்.

ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவு வெளியேற்றத்தை அடியோடு நிறுத்தக் கெடு விதித்தது. அதுவரை வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கும் அபராதத்தையும் விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் ஆலைகளின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் எல்லாவற்றையும் மூடும்படி உத்தரவு வந்தது. பூஜ்ய வெளியேற்றம் என்ற இலக்கு முற்றிலும் சரியானது. ஆனால் லிட்டர் கணக்கிலான அபராதம் குறையுடையது: தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்து, அதே உப்பை அடர்த்தியாக வெளியேற்றும் பட்டறைக்கு அபராதம் குறைந்துவிடும். கிலோ கணக்கில் விதித்திருந்தால் அந்த ஓட்டை இருந்திருக்காது.

மூடலால் வேலையிழந்த தொழிலாளர்களின் துயரம் உண்மையானது. அதைச் சுட்டி இக்கொள்கையை எதிர்ப்போரின் கவலையை ஒதுக்கிவிட முடியாது. என்றாலும் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கிகளும் வந்தபின், நீரையும் உப்புக்கரைசலையும் மீட்டு மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்ப முடிகிறது. செலவு அதிகம். ஆனால் முன்பு அந்தச் செலவு இல்லாமல் போகவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயி தன் தென்னையாலும் மாட்டாலும் அதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே கண்காணிப்பு ஆலையின் வெளிவாயிலோடு நிற்கக் கூடாது. ஒவ்வொரு பட்டறையும் வாங்கிய உப்பு, மீட்ட உப்பு, இருப்பில் உள்ள உப்பு ஆகியவற்றைக் கொள்முதல் ரசீதுகளோடு ஒப்பிட வேண்டும். கணக்கில் உதைக்கும் எடை எங்கோ மண்ணுக்குப் போயிருக்கிறது என்று பொருள். ஆற்றோரக் கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் உப்பளவு எடுத்து, அதை அந்தந்த ஊராட்சியில் எழுதிவைக்க வேண்டும். பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பு இன்றும் மூட்டைகளில் சேர்கிறது. மழைநீர் படாத கிடங்கும், அதைப் பயனுள்ள பொருளாக மாற்றும் ஆய்வுக்கான நிதியும் ஆலை உரிமத்தின் நிபந்தனைகளாக வேண்டும்.